பெயின்ட் வரவில்லை... வலை கிடைத்தது! மாமல்லபுரம் கடற்கரையில் பிறந்து போர்ச்சுகல் ரவுண்டானாவில் ஆடும் காற்றுச் சிற்பம்

ஆடி மாதத்தில் திருச்சி சிந்தாமணி அண்ணா சிலையிலிருந்து காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கத்துக்கு டூ வீலரில் போனவர்களுக்கு இது தெரியும். பாலத்தின் நடுவே வந்ததும் வண்டி தானாக ஒரு பக்கம் சாயும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தொப்பி போட்டவர் ஒரு கையால் தொப்பியைக் காப்பாற்றுவார். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சும்மா சொல்லவில்லை.

அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்துகிறது. ஆனால், பாலக்காட்டில் மலைக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த வாசல் வழியாக நுழையும் காற்று கோவை, பல்லடம், கரூர் என்று வேகமெடுத்து வந்து காவிரிப் படுகையில் வீசுகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கும் இந்தக் காற்றுதான் காரணம்.

இவ்வளவு பலமான காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால்தான் அதற்கு உருவம் கிடைக்கும். அம்மா மண்டபம் படித்துறையில் நீராடிய பெண்கள், ஈரச் சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உலர்த்துவார்களே... அந்தச் சேலை 'புஸ்' என்று உப்பி எழும்போது தெரிவது சேலை மட்டும் அல்ல, காற்றின் வடிவமும்தான்.

இதே விஷயத்தை ஒருவர் ஊர் நடுவே நிரந்தரச் சிற்பமாக நிறுத்திக் காட்டியிருக்கிறார். அது இருப்பது போர்ச்சுகலில். ஆனால், அதற்கான யோசனை பிறந்தது நம் மாமல்லபுரத்தில்!

கல்லில் ஓடிய நதி

திருச்சிக்கும் மாமல்லபுரத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறும் வழியில் ஒரு குடைவரை இருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதரர் சிற்பம் அங்கேதான் இருக்கிறது.

அந்த மகேந்திரவர்மனின் மகன்தான் மாமல்லன் என்று பெயர் பெற்ற நரசிம்மவர்மன். அவன் பெயரைத் தாங்கிய ஊர் மாமல்லபுரம். அங்குள்ள பிரமாண்டமான பாறைச் சிற்பத்திலும் நடுவே இருக்கும் பிளவை, இறங்கி வரும் கங்கையாகவே பலர் பார்க்கிறார்கள். அப்பாவும் மகனும் ஓடுகிற நீரைக் கல்லில் காட்ட ஆசைப்பட்டவர்கள். ஆனால், கல்லில் ஓடும் நதி அப்படியே உறைந்து நிற்கும்.

அசைவை அசைவாகவே காட்ட முடியுமா? 1,300 வருடங்களுக்குப் பிறகு அதே கடற்கரையில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. கண்டுபிடித்தவர் சிற்பி அல்ல. ஓர் ஓவியர். அதுவும் பெயின்ட் இல்லாத ஓவியர்!

ஏழு கல்லூரிகள்... ஏழும் 'நோ'

அமெரிக்காவைச் சேர்ந்த ஜேனட் எஷெல்மன், கல்லூரிப் படிப்பு முடித்ததும் ஏழு ஓவியக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். ஏழும் நிராகரித்துவிட்டன. சிற்பமோ, கட்டடக் கலையோ, இன்ஜினீயரிங்கோ அவர் முறைப்படி படித்ததே இல்லை. தானாகவே பத்து ஆண்டுகள் படம் வரைந்தார். பிறகு ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து 1997-ல் இந்தியா வந்தார்.

இங்கே ஓவியக் கண்காட்சிகள் நடத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வண்ணங்களையும் தூரிகைகளையும் தனியாகப் பார்சலில் அனுப்பிவிட்டு மாமல்லபுரம் வந்து சேர்ந்தார். கண்காட்சி தேதி நெருங்கியது. பார்சல் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் 'மன்னிக்கவும், சாமான் வரலை' என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ஜேனட், 'இந்த ஊர் சிற்பத்துக்குப் பேர் போனது ஆயிற்றே, சிற்பம் செய்து பார்க்கலாம்' என்று முடிவெடுத்தார். வெண்கல வார்ப்பில் முயற்சி செய்தார். பெரிய உருவங்கள் செய்ய நினைத்தபோது எடை கூடியது, செலவும் எகிறியது. அந்த வழியும் அடைபட்டது.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையில் ஒரு நடை போனார். கரையேறிய மீனவர்கள் வலைகளைச் சுருட்டி மணலில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அது அவர் தினமும் பார்த்த காட்சிதான். ஆனால், அன்று வேறு மாதிரி தெரிந்தது. ஆள் உயரத்துக்குக் குவிந்து நிற்கிறது, ஆனாலும் தூக்கினால் கனமில்லை. உளி வேண்டாம், உலை வேண்டாம். வெறும் நூலும் முடிச்சும் சேர்ந்து இவ்வளவு பெரிய உருவத்தைத் தருகிறதே!

மீனவர்களோடு சேர்ந்து வேலையில் இறங்கினார். அப்படி உருவானதுதான் 'வைடு ஹிப்ஸ்'. அகன்ற இடுப்பு என்று அர்த்தம். தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு அவர் வைத்த பெயர்.

போட்டோ எடுப்பதற்காக அந்த வலைச் சிற்பத்தைக் கம்பங்களில் உயர்த்திக் கட்டினார்கள். அப்போது நடந்ததை யாருமே திட்டமிடவில்லை. கடல் காற்று வலைக்குள் புகுந்தது. ஒவ்வொரு சின்ன அலைவும் வலையின் மேல் தெரிந்தது. ஒரு நொடி இருந்த உருவம் அடுத்த நொடி இல்லை. 2011-ல் 'டெட்' மேடையில் பேசியபோது, அந்தக் காட்சியில் மெய்மறந்து நின்றதை ஜேனட் நினைவுகூர்ந்தார். அதன் பிறகு அவர் வாழ்க்கை ஓவியத்துக்குத் திரும்பவில்லை.

பாய் பிடிக்கும்... வலை விடும்!

காற்றைப் பயன்படுத்துவது தமிழர்களுக்குப் புதிதா என்ன? இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாக இருக்கும் உறையூர், சோழர்களின் பழைய தலைநகரம். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், காற்றையே வேலை வாங்கிக் கடலில் கப்பல் ஓட்டியவர்களின் வழித்தோன்றல் என்று அவனைச் சொல்கிறார். இது புறநானூற்றின் 66-வது பாடலில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையோ, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் கொடிகளையும் விட்டுவைக்காமல் வர்ணிக்கிறது.

தமிழில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. தரையில் விரித்துப் படுப்பதும் பாய். கப்பலில் காற்றைப் பிடிப்பதும் பாய். காவிரிக் கரையில் விளையும் கோரையில் முசிறி பக்கம் நெய்கிற பாயையும், கடல் தாண்டிப் போன பாய்மரத்தையும் ஒரே சொல் இணைக்கிறது. இரண்டுமே நெய்த விரிப்புதானே!

பாயின் வேலை, காற்றை மறித்துப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில்தான் கப்பல் நகர்கிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. அதனால்தான் புயல் வந்தால் மாலுமிகள் முதலில் பாயை இறக்குவார்கள். இறக்காவிட்டால் பாய் கிழியும், இல்லையென்றால் மரம் முறியும்.

வலையின் வேலை நேர் எதிர். வலை என்பது பெரும்பாலும் ஓட்டைதான். நூல் இருக்கும் இடம் கொஞ்சம், இல்லாத இடமே அதிகம். வருகிற காற்றில் கொஞ்சத்தைத்தான் வாங்கிக்கொள்ளும், மீதியைப் போகவிடும். வாங்கிக்கொண்ட காற்றில் ஆடும். விட்ட காற்றால் பிழைக்கும்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. நம் சாலைகளில் காற்றில் ஆடுவது எது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பேனர்தான். ஃபிளெக்ஸில் ஓட்டையே கிடையாது. சவுக்குக் கம்பில் கட்டிய பாய் மாதிரி நின்று முழுக் காற்றையும் வாங்குகிறது. அதனால்தான் விவரம் தெரிந்த தொழிலாளர்கள் பிளேடால் ஆங்காங்கே அரைவட்டமாகக் கிழித்துவிடுகிறார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் சாலையில் வைத்திருந்த பேனர் ஒன்று, டூ வீலரில் போன இளம் பெண் மீது சரிந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது லாரி ஏறி, அவர் உயிரிழந்தார். பொது இடத்தில் காற்றுக்குக் குறுக்கே ஒரு பொருளை நிறுத்துவது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை அது.

ரவுண்டானாவுக்கு மேலே ஓர் ஏக்கர் வலை

மாமல்லபுரத்தில் கம்பத்தில் ஏறிய யோசனைக்கு உண்மையான பரீட்சை போர்ச்சுகலில் வந்தது. போர்ட்டோ நகரத்தை ஒட்டிய கடற்கரை ஊர் மட்டோசின்யோஸ். மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கடலை ஒட்டிய ஒரு ரவுண்டானாவுக்கு நிரந்தரமான சிற்பம் ஒன்று செய்து தர முடியுமா என்று ஜேனட்டிடம் கேட்டார்கள்.

கண்காட்சியில் சில நாள் தொங்குவது வேறு. கீழே கார் ஓட, மேலே வருடக்கணக்கில் வெயில், உப்புக்காற்று, புகை, புயல் எல்லாவற்றையும் தாங்குவது வேறு. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிக்கலாக வந்து நின்றது.

முதல் சிக்கல், நூல். சாதாரண நூல் வெயிலில் இற்றுப்போகும். இற்றுப்போகாத நூல், காற்றில் துவளும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடுவதற்கே இரண்டு ஆண்டுகள் ஆனது.

இரண்டாவது, முடிச்சு. மாமல்லபுரத்தில் கையால் போட்ட முடிச்சு, சூறாவளியைத் தாங்காது. எனவே மீன்வலை தயாரிக்கும் தொழிற்சாலையை நாடினார். ஆனால், அவர் மனதில் இருந்தது லேஸ் பின்னல் போன்ற நுணுக்கமான வடிவம். வலை மெஷின் ஓட்டுபவருக்கு அதைப் புரியவைக்க ஒரு குறியீட்டு மொழியே கிடையாது. இருவரும் சேர்ந்து அந்த மொழியையே உருவாக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, காற்று. இளங்காற்றில் நளினமாக ஆட வேண்டும், புயலில் அறுந்து விழக் கூடாது. ஓட்டை ஓட்டையாக, எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளைக் கணக்குப் போட அன்றைக்கு சாஃப்ட்வேர் இல்லை. இதைத் தீர்த்து வைத்தவர் பீட்டர் ஹெப்பல். விமானவியல் இன்ஜினீயரான அவருடைய வேலை என்ன தெரியுமா? உலகப் புகழ்பெற்ற 'அமெரிக்காஸ் கப்' படகுப் போட்டிகளுக்குப் பாய்மரப் பாய்களை வடிவமைப்பது! காற்றைப் பிடிக்கும் கலை தெரிந்தவர்தான், காற்றை விடும் வலைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

நாற்பது, ஐம்பது நாளில் முடிகிற வேலையா இது? மூன்று ஆண்டுகள் ஆனது. அதற்குள் ஜேனட்டுக்கு இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். 2005-ல் சிற்பம் உயர்ந்தது. பெயர் 'ஷி சேஞ்சஸ்'. அதாவது, 'அவள் மாறிக்கொண்டே இருக்கிறாள்'.

கலங்கரை விளக்கம் போலச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய உயரமான இரும்புக் கம்பங்கள். அவற்றில் இருந்து தொங்கும் சுமார் 20 டன் எடையுள்ள இரும்பு வளையம். அந்த வளையத்தில் இருந்து அடுக்கடுக்காக இறங்கும் வலை. பரப்பளவு சுமார் 50,000 சதுர அடி. நம் கணக்கில் ஓர் ஏக்கருக்கும் மேல். இரும்பு வளையம் அசையாமல் நிற்க, அதன் கீழே வலை மட்டும் மூச்சு விடுவது போல உப்பும், சுருங்கும், சுழலும். உள்ளூர்க்காரர்கள் கடலில் வாழும் ஓர் உயிரினத்தின் பெயரால் அதை 'அனிமோனா' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

மோட்டார் இல்லை. மின்சாரம் இல்லை. காற்று நின்றால் அதுவும் நிற்கும்.

சுனாமியையும் பின்னினார்

அதன் பிறகு ஜேனட்டின் வலைகள் பல நகரங்களில் ஏறின. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2009-ல் ஒன்று. 2010-ல் டென்வர் நகரில் வைத்த சிற்பத்தின் பெயர் '1.26'. அந்த ஆண்டு சிலியில் வந்த பூகம்பம், பூமியின் சுழற்சியைத் துளி வேகப்படுத்தி, ஒரு நாளின் நீளத்தை 1.26 மைக்ரோ விநாடி குறைத்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அப்போது பசிபிக் கடலில் பரவிய சுனாமி அலைகளின் தரவுகளில் இருந்துதான் அந்த வலையின் வடிவம் பிறந்தது. 2004-ல் சுனாமியைக் கண்ட மாமல்லபுரம் கரையில் தொடங்கிய கலை, இன்னொரு சுனாமியின் உருவத்தை எடுத்துக்கொண்டது ஒரு வினோதம்தான்.

டென்வரில் இரும்பு வளையமே இல்லை. ஒரே எடையில் இரும்பைவிடப் பதினைந்து மடங்கு பலமான ஒருவகைச் செயற்கை இழையால் பின்னி, ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களிலேயே இழுத்துக் கட்டினார்கள். 2015-ல் பாஸ்டன் நகரின் நடுவே தொங்கிய சிற்பத்துக்கு 100 மைலுக்கும் மேல் கயிறு தேவைப்பட்டது. திருச்சியில் ஒரு முனையைக் கட்டினால், மறுமுனை மதுரையைத் தாண்டிவிடும்!

காற்றில் ஆடும் கலைக்கு உலகில் முன்னோடிகள் உண்டு. அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர், கம்பியில் தகடுகளைத் தொங்கவிட்டு ஆடவைத்தார். அவரும் 1955-ல் அகமதாபாத் வந்து, சாராபாய் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கிச் சிற்பங்கள் செய்தவர். நெதர்லாந்தின் தியோ யான்சன், பிளாஸ்டிக் குழாய்களால் செய்த பிரமாண்ட 'விலங்குகளை' 1990-ல் தொடங்கிக் கடற்கரையில் காற்றாலேயே நடக்கவிடுகிறார். அவற்றில் சிலவற்றின் முதுகில் பாய்மரம் போலவே பாய்கள் உண்டு.

முடிச்சுப் போட்ட கைகள்

இந்தக் கதையில் ஒரு நெருடலும் இருக்கிறது. தனக்குத் திருப்தி தந்த முதல் சிற்பத்தை மீனவர்களுடன் சேர்ந்தே செய்ததாக ஜேனட் மேடையில் சொல்கிறார். மறைக்கவில்லை. ஆனால், இன்ஜினீயர் ஹெப்பலுக்கு அந்த உரையில் பெயர் இருக்கிறது. மாமல்லபுரத்துக்காரர்கள் 'மீனவர்கள்' மட்டும்தான்.

வலை பின்னுவது லேசான வேலை இல்லை. எந்த மீனுக்கு எந்த அளவு கண்ணி, எந்த இடத்தில் எத்தனை கண்ணி கூட்டினால் வலை அகலும், எங்கே குறைத்தால் குவியும், எங்கே அறுந்தால் எங்கிருந்து முடிச்சைத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறையாகக் கைக்குத் தெரிந்த கணக்கு. தட்டையான நூலை உருண்ட வடிவமாக்கும் வித்தையே அதுதான். கலை உலகம் வியந்து பார்த்த 'கனமில்லாத பெரிய உருவம்' மீனவர் குப்பங்களில் அன்றாட வேலை. இன்று அந்த இடத்துக்கு மெஷினில் பின்னிய நைலான் வலை வந்துவிட்டது. கையில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கிழிசலைச் சரிசெய்யும் வேலைதான்.

காவிரிக் கரைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கி.பி. 1-ம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடல் வழிக் குறிப்பேடான 'பெரிப்ளூஸ்', 'ஆர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஊர் உறையூர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உறையூரின் நூல், முசிறியின் கோரை, முக்கொம்பில் வீச்சு வலை வீசும் கை... மூன்றும் திருச்சியைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆடிக் காற்றுக்கும் பஞ்சமில்லை. நாளை தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ரவுண்டானாவில் காற்றுச் சிற்பம் எழுந்தால், அடியில் வைக்கும் கல்வெட்டில் வடிவமைத்தவர் பெயரோடு, முடிச்சுப் போட்டவர்கள் பெயரும் இருக்குமா என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே பார்க்கலாம்!

குழந்தைகளோடு ஒரு சின்ன சோதனை. இரண்டு விளக்கமாற்றுக் குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பிளாஸ்டிக் கவரை விரித்துக் கட்டுங்கள். இன்னொன்றில் வெங்காயம் வரும் வலைப்பையை அதே அளவுக்கு வெட்டிக் கட்டுங்கள். டேபிள் ஃபேன் முன்னால் இரண்டையும் பிடித்துப் பாருங்கள். முதலில் குறைந்த வேகம், பிறகு முழு வேகம்.

கவர் கட்டிய குச்சி வளைந்து, கையை இழுக்கும். ஒடிந்தாலும் ஒடியும். வலை கட்டிய குச்சி கிட்டத்தட்ட நேராகவே நிற்க, வலை மட்டும் படபடக்கும். மட்டோசின்யோஸில் ஓர் ஏக்கர் வலை நிற்கும் ரகசியம், உங்கள் கையிலேயே தெரியும்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போனால், விளக்கு விட்டு முடித்ததும் படித்துறையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். யாராவது இரண்டு பேர் ஒரு சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேற்கே இருந்து காற்று வரும். சேலை எழும்பும்.

டிக்கெட் கிடையாது. சேலை காயும்வரை பார்க்கலாம்.